டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி: இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு எவ்வளவு ஆகும்?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 47. சர்க்கரை உண்டு. வளைகுடா வேலையை விட்டு வந்ததோடு கம்பெனி இன்சூரன்ஸும் போயிற்று. சாயங்காலம் கொடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 268 என்று வந்தது. இனி ஆயுளுக்கும் ஊசி என்கிறார்கள். எவ்வளவு ஆகும்?"

இன்சூரன்ஸ் போனதில் இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை பெரிய நஷ்டமில்லை. இங்குள்ள பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். ஓ.பி.யில் போடும் ஊசியும் லேப் பில்லும் பாலிசி வைத்திருப்பவருக்கும் கைச்செலவுதான்.

முதலில் அந்தச் சாயங்கால ரத்தத்தைப் பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். ஆகவே காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை, கூடுமானவரை ஒரே லேபில் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட கையோடு பார்க்காதீர்கள். இரவெல்லாம் கடலில் இருந்தவரும், நள்ளிரவில் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போனவரும் நன்றாகத் தூங்கிய ஒரு நாளுக்குப் பிறகு கொடுப்பதே சரி. இரண்டு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு போன்ற அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று சொல்ல முடியும். கட்டுப்படாத சர்க்கரையும் தொப்பையும் குறட்டையோடு வரும் தூக்க மூச்சடைப்பும் தாமே அளவைக் கீழே இழுக்கும். அவற்றைச் சரிசெய்து ஊசியே வேண்டாம் என்று ஆனவர்கள் உண்டு. குறைவு உறுதியானால், மூளையடிச் சுரப்பி சுரக்கும் எல்.ஹெச்., எப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின் என்ற மூன்று ஹார்மோன்களையும் ஒருமுறை பார்ப்பது அவசியம். கோளாறு விதையிலா, மூளையடிச் சுரப்பியிலா என்பது அப்போது தெரியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்கள், எந்தெந்தப் பரிசோதனை அங்கேயே நடக்கும் என்று கேட்டுக்கொண்டு, இல்லாததை மட்டும் வெளியே எடுக்கலாம்.

இனி மருந்து. மாதக் கணக்கு ஏமாற்றும், வருடக் கணக்காகப் போடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் 250 மில்லிகிராம் ஆம்பியூல் ஒன்று சில நூறு ரூபாய். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 17 முதல் 26 ஆம்பியூல். அதோடு ஒவ்வொரு முறையும் ஊசி போடும் கூலி, பஸ் காசு, போகும் அரை நாள் கூலி. நீண்ட நாள் நிற்கும் அன்டெக்கனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி ஒன்றே சில ஆயிரம். இரண்டாவது ஊசி 6 வாரத்தில், பிறகு ஏறக்குறைய 12 வாரத்துக்கு ஒன்று. முதல் வருடம் ஐந்து, பின்னர் நான்கைந்து. விலையைப் பார்த்தவுடன் மிரள வேண்டாம், போக்குவரத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு ஊசிக்கும் உள்ள செலவு வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. ஆனாலும் மலையோரத்தில் இருந்து வருகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு எனாந்தேட்தான் மலிவு என்பது எங்கள் கருத்து. அன்டெக்கனோயேட் 4 மில்லி கெட்டியான எண்ணெய். பிட்டத்தில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றி, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்; எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். மெடிக்கல் ஷாப் பின்னறையில் போடுகிற ஊசி அல்ல இது.

ஜெல் பெரும்பாலும் கூடுதல் செலவு. தினம் ஒரு 5 கிராம் பாக்கெட் என்றால் வருடம் 365. அளவு ஏறாமல் மருத்துவர் இரண்டாக்கினால் செலவும் இரட்டிப்பு. பூசிய உடனே குளித்தால் காசு தண்ணீரோடு போகும். ரப்பர் வெட்டுக்காரர்கள் வேலை முடிந்து குளித்த பிறகு பூசட்டும். பூசிய இடத்தைத் துணியால் மூடாவிட்டாலும், கையைக் கழுவாவிட்டாலும் மனைவிக்கும் குழந்தைக்கும் ஒட்டும். அன்டெக்கனோயேட் மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் ஏறும்: தேங்காய் அரைத்த மீன்கறியோடு மரச்சீனி சரி, வெறும் கட்டன்சாயா வீண்.

சிக்கனம் என்று சிலர் ஆம்பியூலை உடைத்துப் பாதியை ஊசியிலேயே வைத்துவிடுகிறார்கள். கிருமி சேர்ந்து சீழ்க்கட்டி வந்தால் மிச்சப்படுத்தியதைவிட அதிகம் செலவாகும். சிலர் நாளைத் தள்ளிப் போடுகிறார்கள். போட்ட வாரம் துள்ளல், கடைசி வாரம் சோர்வு என்று ஊசலாடும். சரியான சிக்கனம், சீட்டில் வேதிப்பெயரை எழுதி வாங்கி, அதே மருந்தின் வேறு கம்பெனி விலைகளைக் கேட்பது. அட்டையில் போட்டிருப்பது உச்ச விலை, கழிவு கேட்கலாம். இது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஜிம்மில் கைமாறுவதில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குறைக்கக் கூடாத செலவு கண்காணிப்பு. ஹெமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), 40 வயதைக் கடந்தவர்களுக்கு பி.எஸ்.ஏ.யும் (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) தொடங்கும் முன், 3 முதல் 6 மாதத்தில், பிறகு வருடம் ஒருமுறை. ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள், மருந்தை நிறுத்த வேண்டும். எனாந்தேட் போடுபவர் டெஸ்டோஸ்டிரோன் அளவை இரண்டு ஊசிக்கு நடுவில் பார்க்க வேண்டும். அன்டெக்கனோயேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்.

இன்னும் பிள்ளை வேண்டும் என்ற எண்ணமிருந்தால் தொடங்கவே கூடாது. வெளியிலிருந்து வரும் ஹார்மோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்; நிறுத்தினாலும் திரும்ப மாதக்கணக்காகும். அவர்களுக்கு குளோமிபீன், ஹெச்.சி.ஜி. போன்ற வேறு மருந்துகள் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஆயுளுக்கும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆறு மாதத்தில் ரத்த அளவு ஏறியும் அறிகுறிகள் மாறவில்லை என்றால், நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நிலையில் தொடர்ந்து போடுவதற்குக் காரணமில்லை.