மிளகாய்த்தூளுக்குக் கதிர்வீச்சு: ஏஜென்ட் சொல்வதில் எதை நம்பலாம்?

ஈரோட்டில் சிறிய மசாலா ஆலை நடத்தும் வாசகர் கேட்கிறார்: ஜெர்மனிக்கு அனுப்பவிருந்த மிளகாய்த்தூளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருப்பதாக ஆய்வகம் சொல்லிவிட்டது, கதிர்வீச்சு செலுத்திச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன், லேபிளில் எதுவும் போட வேண்டாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். தூளில் கதிரியக்கம் தங்குமா, அவரை நம்பலாமா?

கதிரியக்கம் தங்காது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமா கதிர்களுக்கு நுண்ணுயிர்களின் மரபுப்பொருளைச் சிதைக்கும் ஆற்றல் உண்டே தவிர, உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் ஆற்றல் கிடையாது. கதிர் பொதியை ஊடுருவும் என்பதால், தூளை இறுதிப் பைகளில் அடைத்து மூடிய பிறகே அனுப்புங்கள். திரும்பி வந்த சரக்கை ஏஜென்ட்டின் கிடங்கில் பிரித்து மறுபடி கட்டினால் கிருமி மீண்டும் தொற்றிக்கொள்ளும். பூஞ்சை ஏற்கெனவே விட்டுச்சென்ற அஃப்லடாக்சின் என்ற நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இதனால் நீங்கிவிடும் என்று நம்ப வேண்டாம்.

லேபிளில் போட வேண்டாம் என்கிறாரே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கதிர்வீச்சு செலுத்தியதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது இந்திய விதி மட்டுமல்ல, ஐரோப்பிய விதியும்கூட. மறைத்தாலும், தூளில் கலந்திருக்கும் நுண்ணிய மண் துகள்களைச் சூடாக்கி, அவை உமிழும் ஒளியை அளந்து அங்குள்ள ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். மேலும், இந்தியாவில் மசாலாப் பொருள்களுக்கு 14 கிலோகிரே (உணவு ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சராசரி 10 கிலோகிரேயைத் தாண்டக் கூடாது, அதுவும் ஒன்றியம் தன் பட்டியலில் சேர்த்துள்ள கதிர்வீச்சு ஆலையில்தான் செய்திருக்க வேண்டும். கதிர்வீச்சு ஆலை நடத்த ஒரு துறை, உணவுக்கு இன்னொரு துறை, ஏற்றுமதிக்கு வேறொன்று என்று சிதறிக் கிடக்கும் இந்த விவரங்களை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுத் தர எந்த அலுவலகத்துக்கும் மனம் வராததால்தான் இத்தகைய ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

பெட்டியில் நிறம் மாறிய ஸ்டிக்கரை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது கதிர் பட்டதைச் சொல்லும், எவ்வளவு பட்டது என்பதைச் சொல்லாது. லாட் எண், தேதி, பெற்ற குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள், ஆலையின் உரிம எண் ஆகியவை கொண்ட சான்றைக் கதிர்வீச்சு ஆலையிடமே நேரடியாகப் பெறுங்கள். பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்பவர் கிருமி கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயுவைச் செலுத்திவிட்டு அதைக் கதிர்வீச்சு என்று சொல்லவும் கூடும். அந்த வாயுவின் எச்சம் இருந்ததால்தான் 2020-இல் இந்திய எள் கலந்த பொருள்கள் ஐரோப்பியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

உங்கள் சரக்கில் ஆர்கானிக் சான்று பெற்ற மிளகாய் இருந்தால் கதையே வேறு. ஆர்கானிக் விதிகள், இந்தியாவுடையதாயினும் ஐரோப்பாவுடையதாயினும், கதிர்வீச்சை அனுமதிப்பதில்லை. அளவு குறைவு, பை பிரிக்கவில்லை, கிருமி மட்டுமே செத்தது என்ற எந்த விளக்கமும் அங்கே எடுபடாது. செலுத்திவிட்டால் அந்தச் சரக்கைச் சாதாரண மிளகாய்த்தூளாகத்தான் விற்க முடியும். அத்தகைய சரக்குக்கு நீராவி முறையே வழி; அதையும் அரைப்பதற்கு முன், முழு மிளகாயாக இருக்கும்போதே செய்வது நல்லது.

சட்டம் அனுமதித்தாலும் கதிர்வீச்சு செலுத்திய மசாலாவை ஏற்காத ஜெர்மன் நிறுவனங்கள் உண்டு. ஆகவே ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், உங்களிடம் வாங்குபவரின் சம்மதத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.