அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் யார் இருந்தது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. எதையும் தூக்கிப்போட விடமாட்டார். பழைய பேப்பர், காலி டப்பா, கிழிந்த துணி, ஓடாத ஃபேன் என்று இரண்டு அறைகளில் கால் வைக்க இடமில்லை. அவர் மூட்டு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் நானும் தம்பியும் லீவு போட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். ஆறே மாதத்தில் மறுபடி நிரம்பிவிட்டது. இப்போது அறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்கிறார். இனி சேராமல் இருக்க என்ன வழி?

பதில்: லீவு போட்டீர்கள், சரி. நீங்களும் வீட்டில், தம்பியும் வீட்டில். அப்படியானால் கட்டிலில் கிடந்த அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது யார்? எழுத மறந்துவிட்டீர்களா, எழுத ஒன்றும் இல்லையா? பெற்றவள் படுத்திருக்கும்போது பிள்ளைகளுக்கு அவள் பக்கத்தைவிட வேறு இடம் கிடையாது என்று நம்புகிறவள் நான். நீங்களோ அந்த வாரத்தை, அவர் வீட்டில் இல்லாத சௌகரியமாகப் பார்த்திருக்கிறீர்கள். வலியோடு திரும்பி வந்து அந்த வெறும் அறைகளைப் பார்த்தபோது அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பூட்டு மட்டும் உங்களை உறுத்துகிறது.

இதே கதையோடு எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. ஆள் இல்லாதபோது அள்ளிப்போட்டோம், திரும்ப நிறைந்துவிட்டது. நிறையாமல் என்ன செய்யும்? குவியலைத்தான் எடுத்தீர்கள், அது சேரக் காரணமானது அப்படியே இருக்கிறது. கேட்காமல் எடுத்ததால் பயமும் கூடியிருக்கும்.

பார்க்காமல் நான் நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் பொருளைக் கழிக்க முடியாமல் தவிப்பதும், புழங்கும் இடமெல்லாம் அடைந்துபோவதும் ‘ஹோர்டிங் டிஸார்டர்’ என்ற மனநலக் கோளாறின் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனிக் கோளாறாகவே, மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் சேர்த்தது. சோம்பலோ கஞ்சத்தனமோ இதற்குக் காரணமில்லை. 2012இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் அவர்களுடைய காகிதங்களையும் அடுத்தவர் காகிதங்களையும் காட்டி, வைக்கவா கிழிக்கவா என்று கேட்டார்கள். தன்னுடையது என்று வந்தபோது மூளையின் சில பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கின. உங்களுக்குக் காலி டப்பா. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய முடிவு.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சின்ன வயதிலிருந்தே இப்படியா, சமீபத்தில் தொடங்கியதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இது பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும். முதுமையில் திடீரென்று வந்திருந்தால் மறதிநோயையும் சோதிக்க வேண்டும். கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. சேர்க்கும் பழக்கத்துக்கு முக்கியமான சிகிச்சை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, அவரே முடிவு செய்து, கழித்த பிறகு வரும் தவிப்பைத் தாங்கிப் பழகுவது. புதிதாகக் கொண்டுவராமல் இருக்கவும் பயிற்சி தருவார்கள். மாதக்கணக்கில் ஆகும். முழுதாகக் காலியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதுவரை ஒன்றே ஒன்று அவசரம். மூட்டு மாற்றிய கால் தடுக்கி விழக் கூடாது. கட்டிலிலிருந்து கழிவறைக்கும் வாசலுக்கும் போகும் வழியும், அடுப்பைச் சுற்றியுள்ள இடமும் காலியாக இருக்கட்டும். அதையும் அவரைக் கேட்டு, அவர் காட்டும் இடத்துக்கு நகர்த்துங்கள். எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்துபோய் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். “உங்க நல்லதுக்குத்தாம்மா” என்று ஆரம்பிக்கவே கூடாது. “உங்களைக் கேட்காம எடுத்தது தப்பு, இனி எடுக்க மாட்டோம்” என்றால் போதும். அதன் பிறகும் டாக்டரிடம் வர மறுத்தால், முதலில் நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள். அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவார்கள்.