ஒரு கரண்டிப் பொடி ஒரு தட்டுக் காய்கறி ஆகுமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. சிறு வயது முதலே காய்கறியைத் தொட மாட்டார். சோறு, ரொட்டி, முட்டை, இறைச்சி, உருளைக்கிழங்கு இவைதாம் அவருடைய உணவு. குழம்பில் ஒரு துண்டு வெங்காயம் தென்பட்டாலும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அண்மையில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் காய்கறியை அதிகம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தெரிந்தவர் மூலம் அறிமுகமான உணவு ஆலோசகர் ஒருவர், இருபது காய்கறிகளின் சாரம் என்று சொல்லி ஒரு பொடியை மாதச் சந்தாவில் அனுப்புகிறார். நாளுக்கு ஒரு கரண்டி ரொட்டி மாவில் சேர்த்துப் பிசைகிறேன். இது போதுமா? போதாதென்றால் அவருக்குத் தெரியாமல் காய்கறியை வேறு எப்படிக் கலப்பது?

பதில்: போதாது. ஏன் போதாது என்பதை அறிய ஊட்டச்சத்து அறிவியல் எதுவும் வேண்டியதில்லை. சமையலறைத் தராசு இருந்தால் போதும். நீங்கள் சொல்வதைப் போன்ற பொடி ஒன்றை என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் கொண்டுவந்தபோது, டப்பாவுக்குள் கிடந்த பிளாஸ்டிக் கரண்டியால் தலைதட்டி அள்ளி அங்கேயே நிறுத்துப் பார்த்தோம். 4 கிராம் இருந்தது. பெரும்பாலான காய்கறிகளில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். கேரட்டில் அது சற்றுக் குறைவு, வெள்ளரியில் சற்று அதிகம். ஆகவே அந்த 4 கிராமும் கலப்படமில்லாத காய்கறியே என்று நம்பினாலும், அது ஏறத்தாழ 40 கிராம் பச்சைக் காய்க்குச் சமம். நடுத்தரமான ஒரு கேரட்டின் எடைகூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது பழமும் காய்கறியுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கணவர் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறார்.

டப்பாவைத் திருப்பி, உட்பொருள்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பொதியுணவுகளில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு விதித்தொகுப்பின் நெறி. பெரும்பாலான நாடுகளின் சட்டமும் அதையே பின்பற்றுகிறது. பட்டியலின் தலையில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு நிரப்புப் பொடி) என்றோ ஏதேனும் தானிய மாவு என்றோ இருந்தால், நீங்கள் காய்கறி விலை கொடுத்து மாவு வாங்கியிருக்கிறீர்கள். கீரை நிறத்தில் வரும் நூடுல்ஸ், கேரட் படம் போட்ட வறுவல் பொட்டலம் ஆகியவற்றின் கதையும் இதுவே. நிறம் வருவதற்கு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு பொடி போதும். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உண்மையைச் சொல்ல வைத்த விதிகள், முன்பக்கத்தில் ஒரு தோட்டத்தையே வரைந்துகொள்ள ஏன் விட்டன என்பது எனக்கு இன்றுவரை விளங்காத நிர்வாகப் புதிர். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஆலோசனை சொல்பவரே பொருளையும் விற்றால், அவர் விற்பனையாளர், அவருடைய பெயருக்குப் பின்னால் எத்தனை சான்றிதழ் எழுத்துகள் தொங்கினாலும் அதில் மாற்றமில்லை.

அதே சமயம் உங்கள் அடிப்படை எண்ணம் தவறானதன்று. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 41 பெரியவர்களுக்கு அவர்களிடம் சொல்லாமலேயே கேரட், காலிஃபிளவர், பூசணி வகை ஆகியவற்றின் விழுதைக் கலந்து உணவளித்தார்கள். அதிகமாகக் கலந்த நாளில் காய்கறியின் அளவு 487 கிராம் வரை கூடியது. உள்ளே சென்ற கலோரியோ சுமார் 350 குறைந்தது. உண்டவர்கள் வயிறு நிறையவில்லை என்று சொல்லவும் இல்லை. அவர்கள் கலந்தது பொடியையோ சாரத்தையோ அன்று, வேகவைத்து அரைத்த காயையே என்பதுதான் உங்களுக்கான செய்தி.

கலப்பதற்கு முன்னால், அவர் எதை வெறுக்கிறார் என்பதைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மூன்று வெவ்வேறு வெறுப்புகளை நாம் பிடிவாதம் என்ற ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். முதலாவது கசப்பு. ஒரே பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையற்றும் இருக்கிறது என்பதை ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் 1931ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இது பெருமளவு பிறவியிலேயே அமைவது, கோஸ், புரோக்கோலி வகைக் காய்களை உண்ணும்போது அதிகம் வெளிப்படுவது. இரண்டாவது மணம்; கோசையும் காலிஃபிளவரையும் தேவைக்கு மேல் வேகவைத்தால் எழும் கந்தக வாடையை வீடே அறியும். மூன்றாவது, வாயில் படும் பதம்: நார், வழவழப்பு, எதிர்பாராமல் பல்லில் அகப்படும் துண்டு. வெங்காயத்தை ஒதுக்கும் உங்கள் கணவர், அதே வெங்காயத்தை அரைத்து வதக்கிச் செய்த குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். சாப்பிடுகிறார் என்றால், அவருடைய சண்டை சுவையோடு அன்று, துண்டோடுதான். மூன்றில் எளிதாகத் தீர்க்கக்கூடியது அதுவே.

இனி செய்முறை. நிறம் நிறத்தோடு சேர வேண்டும் என்பதே முழு இரகசியம்: வெள்ளையில் காலிஃபிளவர், சிவப்பில் கேரட்டும் பூசணியும், பழுப்பில் காளான். காலிஃபிளவரில் தொடங்குங்கள். கால் கிலோ பூக்களைத் தண்ணீரில் முக்கி வேகவைக்காமல் ஆவியில் வையுங்கள். நீரில் கரையும் சத்துகள் தண்ணீரோடு போகாமலிருக்கும், விழுதும் நீர்த்துப்போகாது. இரு விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசுங்கும் பதம் வந்ததும் இறக்கி, தட்டில் பரப்பி, ஆவி அடங்கும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள், பிறகு உணவு நீர்த்துவிட்டது என்று வருந்துகிறார்கள். அதன்பின் இரண்டு தேக்கரண்டிப் பால் விட்டு, ஒரு துணுக்கும் மிஞ்சாமல் அரையுங்கள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் மணல்போல் உறுத்தக் கூடாது; உறுத்தினால் மீண்டும் அரைக்க வேண்டும், அல்லது சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். இந்த விழுதை மசித்த உருளைக்கிழங்கிலோ வெள்ளை சாஸிலோ கெட்டியான சூப்பிலோ சேர்க்கலாம். முதல் வாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த வாரம் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நான்கில் ஒரு பங்கு என்று போகட்டும்; அதற்கு மேல் பேராசைப்பட்டால் உணவே காட்டிக்கொடுத்துவிடும். கசப்பு தெரிந்தால் ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். சர்க்கரையை நாட வேண்டாம்.

தக்காளி சேர்ந்த குழம்பில் கேரட் விழுது மறைந்தே போகும். இனிப்புத் தூக்கினால் புளிப்பைச் சற்றுக் கூட்டுங்கள். பச்சைக் கேரட்டைக் கடிப்பதைவிட, வேகவைத்து அரைத்து எண்ணெயோடு சேரும்போதே அதிலுள்ள கரோட்டீனை (உடல் வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் நிறச்சத்து) உடல் நன்றாக எடுத்துக்கொள்கிறது என்பதால், இதை ஏமாற்று வேலை என்று நீங்கள் நொந்துகொள்ளத் தேவையில்லை. கொத்துக்கறி செய்யும்போது அரைக் கிலோ இறைச்சிக்குக் கால் கிலோ காளானை அதே அளவுக்குப் பொடியாக நறுக்கி, உப்பிட்டு, நீர் முழுவதும் சுண்டிச் சிவக்கும்வரை தனியே வதக்கிய பிறகே சேருங்கள். ஈரத்தோடு சேர்த்தால் அவர் வெறுக்கும் வழவழப்பு வந்துவிடும். ரொட்டி மாவில் பொடிக்குப் பதிலாகப் பூசணி விழுதைச் சேர்த்து, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துப் பிசையலாம். மூன்று வேளையையும் கூட்டினால் 150 கிராம் தேறும். மிச்சத்தில் பெரும்பகுதியைப் பழம் ஈடுசெய்யட்டும்; பழத்தை யாரும் ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும். அளவை வாரக்கணக்கில் ஏற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பீட்ரூட்டைத் தவிருங்கள்: சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவந்து போகும், அவர் ரத்தம் என்று பதறி மருத்துவமனைக்கு ஓடுவார், அங்கே உங்கள் இரகசியம் எல்லார் முன்னிலையிலும் அவிழும்.

இதுவரை நான் கீரையின் பெயரை எடுக்காததைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கணவர் என்னென்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுத்துக்கொள்பவராக இருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு கைப்பிடிக் கீரையைக்கூட அவருடைய உணவில் ஒளிக்காதீர்கள். அந்த மருந்துகள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கேயின் வேலையை உடலில் தடுத்தே பயன் தருகின்றன. கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். நூறு கிராம் பசலைக்கீரையில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் இருக்கிறது. அதே எடைக் கேரட்டிலும் காலிஃபிளவரிலும் 15ஐ ஒட்டித்தான் இருக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்னும் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை நிர்ணயித்திருப்பார். நீங்கள் இரகசியமாகக் கீரை சேர்க்கச் சேர்க்க மருந்தின் வலு குறைந்து, ரத்தம் உறையும் அபாயம் கூடும். காரணம் தெரியாத மருத்துவர் மாத்திரையின் அளவை உயர்த்துவார். பிறகு நீங்கள் சலித்துப்போய்க் கீரையை நிறுத்தும் வாரத்தில், உயர்த்திய மாத்திரை தனியாக நின்று ரத்தக்கசிவை உண்டாக்கும். இந்தச் சங்கிலியில் யாரும் தவறு செய்ததாகத் தோன்றாது, ஆனால் நோயாளி படுக்கையில் கிடப்பார். வார்ஃபரின் எடுப்பவர் கீரையே உண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு உண்ண வேண்டும், அந்த அளவு மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு வைட்டமின் கேயினால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் பொடியில் அடங்கிய இருபதில் எத்தனை கீரை வகை என்பதையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்ற இந்தக் கேள்வியை மருத்துவரே கேட்டிருக்க வேண்டும். ‘காய்கறிகளை அதிகம் சேர்க்கவும்’ என்று ஒரு வரி அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை உள்ளே அழைக்கும் ஏற்பாட்டில், எந்தக் காய், எவ்வளவு, எப்படி, எந்த மாத்திரையோடு என்ற நான்கையும் சொல்ல எவருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பொடி விற்பவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக, ‘அவருக்குத் தெரியாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் படாமல் கலப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்தியே தெரியாமல் கலப்பதில் உண்டு. அவர் 48 வயது மனிதர், தம் உடலுக்குள் போவது என்னவென்று அறிய அவருக்கு உரிமை உண்டு. ‘இனிமேல் சமையலில் காய்கறியை அரைத்துச் சேர்ப்பேன், துண்டாக எதுவும் பல்லில் படாது, எதில் என்று மட்டும் கேட்காதீர்கள்’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். இப்படிச் சொன்ன வீடுகளில் பெரும்பாலும் ஒரு வாரம் குழம்பை முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். சொல்லாமல் செய்து பிடிபட்ட வீடுகளில், அதுவரை நம்பிச் சாப்பிட்ட நான்கு உணவுகளையும் அவர்கள் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதோடு, ஒளித்த காய் உடலுக்குச் சேருமே தவிர, நாக்கைப் பழக்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியும்படி, அவருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்காத ஒரு காயை, எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, இரண்டே துண்டு தட்டின் ஓரத்தில் வையுங்கள். உண்டாலும் உண்ணாவிட்டாலும் அதைப் பற்றிப் பேசாதீர்கள்.

பொடியின் சந்தாவை நிறுத்தும்போது விற்றவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ‘இந்த மாதம் அனுப்பிவிட்டோம், அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார்கள். உங்கள் கணக்கிலிருந்து பணத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும் அனுமதியை வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து இரத்துச் செய்யுங்கள். கையில் மிஞ்சியிருக்கும் பணத்தில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள்.