வாசகர் கேள்வி: சம்பளம் இல்லாம சண்டைக்குப் போனவங்க

கேள்வி: அந்தக் காலத்துல முன்னபின்ன தெரியாத தேசத்துக்குக் கப்பல் ஏறிப் போய் சண்டை போட்டாங்களே, ராஜ விசுவாசமா, மதமா, இல்ல கையில துப்பாக்கி இருக்குங்கற தெனாவெட்டா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: விசுவாசம், மதமெல்லாம் வாயில இருந்துச்சு, ஆளைக் கப்பல் ஏத்துனது என்னவோ பங்குதாங்க. ஸ்பெயின்ல இருந்து தென் அமெரிக்காவுல இருக்கற பெருவுக்குப் போன பிசாரோ கூட்டத்தையே எடுத்துக்கோங்க, 1532 நவம்பர்ல கஹமார்க்காங்கற ஊர்ல அந்த நாட்டை ஆண்ட இன்கா மன்னர் அதஹுவால்பாவைப் பிடிச்சப்ப இவங்க மொத்தமே 168 பேர், அதுல தையல்காரர், தச்சர், கொல்லர், பத்திரம் எழுதுறவர்னு எல்லாரும் உண்டு, ஸ்பெயின் ராஜா யாருக்கும் சம்பளம்னு ஒண்ணும் குடுக்கல. நாலு பேர் கூட்டு சேர்ந்து போர்வெல் லாரி எறக்குற மாதிரி, அவனவன் சொந்தக் காசுலயோ கடன்லயோ வாள் வாங்கி, வசதி இருந்தா குதிரையும் வாங்கி, கிடைக்கிறதுல இவ்ளோன்னு பேசிக் கிளம்புன கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாத பிசாரோ உட்பட நிறைய பேர் ஸ்பெயின்ல எக்ஸ்ட்ரமதுராங்கற வறண்ட பக்கத்து ஆளுங்க.

விட்டா ஒரு ரூம் நிறைய தங்கம் தரேன்னாரு அதஹுவால்பா. தந்தாரு. ஆனாலும் 1533ல கொன்னுட்டாங்க. வந்ததையெல்லாம் உருக்கிக் கட்டியாக்கி (உருக்க வெச்சது இன்கா கொல்லர்களையே!), ராஜாவுக்கு அஞ்சுல ஒண்ணு எடுத்து வெச்சுட்டுப் பிரிச்சாங்க. குதிரைக்காரனுக்கு சுமார் 40 கிலோ தங்கம், நம்ம கணக்குல 5000 பவுன், அதுபோக 80 கிலோ வெள்ளி. காலாளுக்கு இதுல பாதி.

எந்த ஆயுதத்துக்கு மவுசுன்னு இந்தக் கணக்கே சொல்லிடும். துப்பாக்கி ஒரு டஜன் தேறுனாலே ஜாஸ்தி, அதுவும் திரி பத்தவெச்சு சுடுற ரகம், மழையில நனைஞ்சா வெறும் கட்டை. ஆளை விழ வெச்சது குதிரையும் எஃகு வாளும்தான். இன்கா பக்கம் கவண், தண்டாயுதம், பஞ்சு வெச்சுத் தெச்ச சட்டை. அதுலயும் அன்னிக்கு மன்னரோட வந்தவங்க பெரும்பாலும் வெறுங்கையோட வந்தவங்க, நாடும் அண்ணன் தம்பி சண்டையில அப்பதான் ரெண்டுபட்டுக் கெடந்துச்சு, இதை விட்டுட்டுப் பேசினா சும்மா வீரக்கதை ஆயிடும்.

லேட்டா வந்து சேர்ந்த பார்ட்னர் அல்மாக்ரோ ஆளுங்களுக்கு அந்தத் தங்கத்துல பேருக்குத்தான் ஏதோ கிடைச்சுது. அந்தப் புகைச்சல், இன்காக்களோட தலைநகரா இருந்த குஸ்கோ யாருக்குங்கற சண்டையா முத்தி, 1538ல பிசாரோவோட தம்பி அல்மாக்ரோவைக் கொன்னாரு, 1541ல அல்மாக்ரோ ஆளுங்க லிமாவுல வீடு புகுந்து பிசாரோவைக் குத்திக் கொன்னுட்டாங்க.