பேச்சுவாக்கில் சொல்வதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?

கேள்வி: படித்த, நல்ல வேலையில் இருக்கும் நண்பர்கள் கூடும்போது வேறு இனத்தவரைப் பற்றிப் போகிறபோக்கில் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார்கள். நேரில் யாரையும் புண்படுத்துவதில்லை. கண்டிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. "நேரில் யாரையும் புண்படுத்துவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை உறுத்துவதே அதுதான்.

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்டு லபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவைக் காரில் சுற்றினார். சீனர்மீதான வெறுப்பு வெளிப்படையாகவே இருந்த காலம். விடுதிகள், உணவகங்கள் என 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் முடியாது என்றார்கள். பிறகு அதே இடங்களுக்கு, "சீனர்களை அனுமதிப்பீர்களா?" என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். ஆய்வு 1934இல் வெளிவந்தது.

வாய் ஒன்று சொன்னாலும் கை ஒன்று செய்கிறது, அப்புறம் வெறும் பேச்சுக்கு ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்று இதை வைத்தே ஒருவர் வாதிடலாம். எனக்குப் படுவது வேறு. எதிரே வந்து நின்ற மனிதருக்கு அறை கிடைத்தது. முகம் தெரியாதவருக்குக் கதவைச் சாத்தினார்கள்.

நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தினர் எடுக்கும் முடிவுகளில் பலவும் முகம் தெரியாதவர்களைப் பற்றியவைதான். யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது, வாடகைக்கு விசாரித்த யாருக்குத் திரும்பப் போன் செய்வது என்பதெல்லாம் இதில் வரும். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்கு, கறுப்பினப் பெயர் தாங்கியவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. தகுதியில் வித்தியாசம் இல்லை. பெயர்கள் மட்டும்தான் வேறு.

ஒரு விருந்தில் நானே கேட்டது இது. வீடு வாடகைக்கு விட இருந்தவர் சொன்னார்: "போன்ல பேரைச் சொன்னதுமே எந்த ஆளுங்கன்னு புரிஞ்சுபோச்சு. வீடு போயிடுச்சுங்கன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அக்கம்பக்கத்துல ஏதாவது சொல்லுவாங்க." கெட்ட மனிதர் இல்லை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவார். எல்லோரும் தலையாட்டினார்கள், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அக்கம்பக்கத்தில் யாரையும் அவர் கேட்கவே இல்லை. இதுபோன்ற விருந்துகளில் மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் ஊரே அப்படி நினைக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். அந்தப் பக்கம் போனை வைத்தவருக்கோ, வீடு நிஜமாகவே போய்விட்டதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. தெரிந்தால்தானே முறையிட முடியும்?

அதனால் தலையாட்டாமல் இருப்பதே பாதி வேலை. "நீ இனவெறி பிடித்தவன்" என்று ஆரம்பித்தால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், சொன்ன விஷயம் அடிபட்டுப் போகும். "யாரை வச்சுச் சொல்றீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் ஆளின் கதை வரும், அதுவும் யாரோ சொல்லக் கேட்டதாக இருக்கும். வயதில் பெரியவர் என்றால் "எனக்கு அப்படித் தோணலீங்க" என்றாலே போதும். ஆனால் தனியாகக் கூப்பிட்டுப் பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும், முக்கியமாகப் பிள்ளைகளும், மறுப்பு ஒன்று எழுந்ததைக் கேட்க வேண்டும்.

அந்த நண்பர்களில் யாராவது ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: முதல் சுற்றில் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டு விண்ணப்பங்களைப் படிக்கச் சம்மதமா என்று.