கடலோர வீட்டில் டவர் ஸ்பீக்கர்களை உள்ளே வைத்து டிவி யூனிட் செய்யலாமா?

கீழக்கரையில் புது வீடு, துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொண்டுவந்த ஒரு மீட்டர் உயர டவர் ஸ்பீக்கர் ஜோடி, 65 இஞ்ச் டிவி, ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையராக ஒரு ரிசீவர். எல்லாம் ஹாலில் ஒரே யூனிட்டுக்குள் அடங்க வேண்டும், கறுப்புத் தூண் மாதிரி ஸ்பீக்கர் வெளியே நிற்கக்கூடாது என்று உம்மா சொல்கிறார்கள். ஒலி கெடுமா, உப்புக் காற்றுக்கு மரம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். உச்சிப்புளியில் என் வீட்டில் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று: ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் அடைக்கக்கூடாது. ஸ்பீக்கர் தன் இடத்தில் தரையில் நிற்க, அதைச் சுற்றி மரவேலை வர வேண்டும். பின்னாலும் மேலேயும் காற்று போய்வர இடம் வேண்டும். ஒலிக்கும் அதுதான் தேவை, நம் ஊர் உப்புக்கும் அதுதான் தேவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாக வந்துவிடும்.

டவர் ஸ்பீக்கர் என்பதே அளந்து செய்த ஒரு பெட்டிதான். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, திறந்த இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அதை இன்னொரு பெட்டிக்குள் நிறுத்தினால் அந்தப் பெட்டியும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். ஒன்றரை அடி ஆழத்தில் முன்பக்கம் மட்டும் திறந்த ஒரு பொந்து 190 ஹெர்ட்ஸ் அருகே தானாக முழங்கும். ஆழத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள அலை அதற்குள் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஆண்குரலின் கனம் இருக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். செய்தி வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரிக் கேட்கும். இதோடு சுவரும் மூலையும் பேஸை, அதாவது கனமான அடிஒலியை, தூக்கிவிடும். பாட்டுக்கு ஆரம்பத்தில் நன்றாக இருப்பது போலத் தோன்றும், கொஞ்ச நாளில் காது சலித்துவிடும்.

அதனால் ஸ்பீக்கர் நிற்கும் பகுதிக்கு முதுகுப்பலகை வேண்டாம், அடிப்பலகையும் வேண்டாம். அடிப்பலகை மேல் ஏற்றினால் அதிர்வு யூனிட் முழுக்கப் பரவி, மேல்தட்டில் இருக்கும் கண்ணாடிச் சாமான்கூடக் கிடுகிடுக்கும். ஸ்பீக்கர் நேராக டைல்ஸ் மேல், அல்லது ஒரு கிரானைட் துண்டின் மேல் நிற்கட்டும். இரண்டு பக்கமும் நிற்கும் பலகை மட்டும் யூனிட்டோடு சேர்ந்தது. மேல்தட்டு வேண்டுமென்றால் ஸ்பீக்கர் உச்சியிலிருந்து ஒரு சாண் மேலேயாவது போகட்டும்.

அகலத்தை அளக்கும்போது ஸ்பீக்கரின் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். உட்காரும் இடத்தை நோக்கி ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்ப வேண்டியிருக்கும். 22 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரு ஸ்பீக்கரை 15 டிகிரி திருப்பினால் அது அடைக்கும் அகலம் 30 சென்டிமீட்டருக்கு மேலே போய்விடும். பக்கத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் காற்று இடமும் சேர்த்தால் 45 சென்டிமீட்டர் விடுவது நல்லது. ஆழத்தில் ஸ்பீக்கரின் முகம் பக்கப் பலகையின் முன்விளிம்போடு சமமாக, முடிந்தால் ஒரு விரல்கடை முன்னே நிற்க வேண்டும். உள்ளே தள்ளி நின்றால் கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரிலிருந்து வரும் ஒலி பலகை விளிம்பில் பட்டுச் சிதறும். பாடகர் நடுவில் நிற்பது போன்ற உணர்வு போய்விடும்.

ஸ்பீக்கரின் பின்புறம் வட்டமாக ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் போர்ட். பின்னால் இருந்தால் சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் அடியாவது வேண்டும், இல்லையென்றால் பேஸ் குழம்பும். அவ்வளவு இடம் இல்லை என்றால் போர்ட்டுக்குள் செருகும் ஸ்பாஞ்ச் அடைப்பான் சில கம்பெனிகள் கூடவே கொடுப்பதுண்டு, பெட்டியில் தேடிப் பாருங்கள். முன்பக்கப் போர்ட் என்றால் கவலை பாதியாகக் குறையும்.

65 இஞ்ச் டிவி ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் இந்த ஸ்பீக்கர் பகுதிகள் வந்தால், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் நடுவிலிருந்து நடு ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். சோபா அதே தூரத்தில், அல்லது இரண்டரை மீட்டர்வரை தள்ளி இருந்தால் போதும். டிவிக்குக் கீழே வரும் பெட்டி தாழ்வாக, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும்; டிவியும் கண்மட்டத்தில் வரும்.

உம்மாவின் விருப்பத்துக்கு முன்பக்கம் துணிச்சட்டம்தான் வழி. மரக்கதவு வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பாலியஸ்டர் வலைத்துணி வாங்குங்கள். பருத்தித்துணி ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். கடையில் துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சு தடையில்லாமல் பட வேண்டும். தேங்கினால் அந்தத் துணி ட்வீட்டர் ஒலியையும் தேக்கும். சட்டத்தின் கட்டை மெலிதாக, உள்விளிம்பு சரிவாக இழைத்ததாக இருக்கட்டும். பிடித்துக்கொள்ள வெல்க்ரோ போதும். காந்தம்தான் வேண்டுமென்றால் கறுப்பு ஃபெரைட் காந்தம். பளபளவென்று இருக்கும் நியோடிமியம் காந்தத்தில் மேற்பூச்சு கீறினால் உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

இனி உப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர் வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். நம் கடற்கரையில் இரவில் அது சாதாரணம். அப்படியானால் மரத்தின் மேலும் கீலின் மேலும் படிந்த உப்பு இரவெல்லாம் ஈரமாக இருக்கிறது, பகலில் காய்கிறது. நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் பகலிலும் காய்வதில்லை. உங்களுக்குத் தென்கடல், கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில்தான் உப்பு அதிகம் ஏறும். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தவர்களுக்கு வாடைக் காலத்தில். அந்தக் காற்று நேராக வரும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் யூனிட்டை வைக்காதீர்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவரும் வேண்டாம். உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வது அங்கேதான்.

எனக்கு வேலை செய்த ஆசாரி மண்டபத்தில் படகு வேலை பார்த்தவர். "தம்பி, காத்து வராம அடைக்கப் பாக்காதீங்க, அது எப்புடியும் வந்துரும். வந்தது வெளிய போக வழி விடுங்க" என்றார். யூனிட்டைச் சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளியும், தரையிலிருந்து நாலு இஞ்ச் கால் வைத்தும்தான் நிறுத்தினார். அடியில் துடைப்பம் போகிறது, கரையான் மண்கோடு ஏறினாலும் உடனே கண்ணில் படும். இப்படிப்பட்ட ஆசாரி வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தேடாதீர்கள், படகெல்லாம் கரையேறி மராமத்தில் இருக்கும் நேரம் அது.

பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்தான். ஷீட்டின் மேலேயே எண் அச்சடித்திருக்கும், கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லும் 'மரைன்' போதாது. பக்கப் பலகைகள் 19 மில்லிமீட்டர். பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் ஈரத்தில் ஊதிவிடும். பிவிசி போர்டுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, ஆனால் எடை குறைவு. பேஸ் வந்தால் பலகையே அதிரும், ஸ்க்ரூவும் நாளடைவில் பிடி தளரும். பிளைவுட்டின் வெட்டுமுனைகளில்தான் ஈரம் உள்ளே போகும், அதனால் ஒவ்வொரு வெட்டையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் சேர்த்து, வார்னிஷால் அடைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால் பலகை வளையும்.

டிவிக்குப் பின்னால் அழகுக்கு ரீப்பர் அடிக்கும் எண்ணம் இருந்தால், பழைய ஓட்டுவீடு பிரித்த பனங்கைகளை (கூரையைத் தாங்கிய பனைச்சட்டங்களை) வாங்குங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் காய்ந்து வைரம் ஏறிய கறுப்பு நார், இழைத்து எண்ணெய் தடவினால் கோடு கோடாக மின்னும். வாளின் பல் சீக்கிரம் மழுங்கும், சிலாம்பு கையில் ஏறும், ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே துளை போடாவிட்டால் பிளக்கும்; ஆசாரி முனகத்தான் செய்வார். இருந்தாலும் செய்யச் சொல்லுங்கள். புதுப் பனையை இதற்காக வெட்ட வேண்டாம்.

கீல், ஸ்க்ரூ விஷயத்தில் கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல் என்பார்கள். அந்தச் சோதனையால் பயனில்லை. 202 என்ற மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தரமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கடலோரத்தில் சீக்கிரம் துருக்கோடு விடும். குறைந்தது 304, கடல் பார்த்த வீடென்றால் 316. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். மஞ்சள் முலாம் பூசிய ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். டிராயர் சானலுக்குள் இருக்கும் குண்டுகள் இறுகிப்போகும் என்பதால் நான் டிராயரே வைக்கவில்லை. ரிசீவருக்குத் திறந்த தட்டு, தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி. அது நன்றாகச் சூடாகும்.

ஸ்பீக்கர் ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக, 2.5 சதுர மில்லிமீட்டரில் இருக்கட்டும். படகுகளுக்கு இந்த வகையைப் போடுவதன் காரணம்தான் இங்கேயும்: வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான ஒயர் அதைவிட மோசம். முனையில் பிளக் போட்டு, சூட்டில் சுருங்கும் உறையால் மூடிவிடுங்கள்.

பலகை அறுக்கும் முன் ஒரு வேலை. ஸ்பீக்கர்களை நினைத்த இடத்தில் நிறுத்தி, முழு பிளைவுட் ஷீட்டுகளை இரண்டு பக்கமும் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேஸ் அதிகமுள்ள சினிமாப் பாட்டு இதற்கு உதவாது, எல்லாவற்றையும் மறைத்துவிடும். நாகூர் ஹனீபாவின் பழைய பாட்டு ஏதாவது போடுங்கள். அந்தக் கம்பீரக் குரல் ஷீட் இல்லாதபோது எப்படி இருந்ததோ, ஷீட் வைத்த பிறகும் அப்படியே இருந்தால் அளவு சரி. குரல் தடித்தால் பலகைகளைக் கொஞ்சம் விலக்குங்கள், அல்லது ஸ்பீக்கரை முன்னே இழுங்கள், மறுபடி கேளுங்கள். சரியான இடம் வந்ததும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆசாரியிடம் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

பக்கப் பலகைகளை நடுப்பெட்டியோடு ஃபெவிகால் வைத்து ஒட்டிவிடாமல் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு காக்கா வேறு ஜோடி கொண்டுவந்தால் அந்தப் பலகையை மட்டும் கழற்றி நகர்த்திக்கொள்ளலாம், டிவியையும் பனை ரீப்பரையும் தொட வேண்டியிருக்காது.