நடுவில் கருப்பா, வெளிச்சமா?

வணக்கம் மேடம்,

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு கொரட்டூர். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். பிளஸ் டூவில் பிசிக்ஸ் பிடித்துப்போய்தான் இதை எடுத்தேன். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் "இதைப் படிச்சா டீச்சர் வேலைதானே?" என்கிறார்கள். சித்தப்பா இப்போதே பேங்க் எக்ஸாமுக்குத் தயாராகச் சொல்கிறார். பள்ளித் தோழிகள் பலர் கம்ப்யூட்டர் சயின்ஸில் இருக்கிறார்கள். எனக்கு வகுப்பிலும் மனம் ஒட்டவில்லை. லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம். போன வாரம் நியூட்டன் வளையச் சோதனையை அப்படித்தான் முடித்தோம். இயற்பியல் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்? நான் எடுத்தது தப்பா? நீங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் மெடிக்கல் பிசிசிஸ்டாக இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ம., கொரட்டூர்

அன்புள்ள ம.,

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அந்த வரியிலிருந்துதான் நான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நியூட்டன் வளையம் என்பது தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல் வளைந்த லென்ஸை வைத்து, இடையில் ஒளி உண்டாக்கும் கருப்பு, வெளிச்ச வளையங்களை அளந்து லென்ஸின் வளைவைக் கணக்கிடும் சோதனை. அதில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தபோது நடுவில் என்ன தெரிந்தது? கருப்புப் புள்ளி தெரியும் என்று பாடம் சொல்கிறது. லேபில் பல நேரம் அப்படித் தெரியாது. லென்ஸுக்கும் அடியில் இருக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே கொஞ்சம் தூசி இருந்தால் போதும், லென்ஸ் தகட்டைத் தொடாமல் நிற்கும், நடுப்புள்ளி வெளிச்சமாகிவிடக்கூடும். முதல் தடவை நானும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் 'கருப்பு' என்றுதான் எழுதினேன். எங்கள் சார் நோட்டைப் பார்த்தார், என்னை மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"நடுவுல என்ன தெரியுது?"

"வெளிச்சம் சார்."

"அப்ப அதை எழுதும்மா. ஏன்னு அப்புறம் யோசி."

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கணக்கில் நாம் ஒரே ஒரு வளையத்தின் விட்டத்தை வைத்து விடை எடுப்பதில்லை. இரண்டு வளையங்களின் விட்டங்களை வர்க்கப்படுத்திக் கழிக்கிறோம். தூசியால் வரும் பிழை இரண்டு வர்க்கங்களிலும் ஒரே அளவு இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. நடுவில் வெளிச்சம் இருந்தும் விடை சரியாக வந்ததற்கு அதுதான் காரணம். அதுவரை மனப்பாடமாக இருந்த சூத்திரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சீனியர் ரெக்கார்டில் இது கிடைக்காது, அதில் எல்லோருக்கும் நடுவில் கருப்புதான் இருக்கும்.

இனி என் வேலையிலிருந்து ஒரு நாளைச் சொல்கிறேன்.

கதிர்வீச்சு சிகிச்சை தரும் லினாக் கருவியைத் தினமும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன், சோதித்துப் பார்ப்போம். பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே விரல் பருமன்கூட இல்லாத ஒரு அயனி அறையை, அதாவது கதிர்வீச்சை அளக்கும் சின்னக் குழாயை, செருகி வைப்போம். அதற்குள் இருப்பது 0.6 கன சென்டிமீட்டர் காற்று, அவ்வளவுதான். கதிர்வீச்சு பட்டதும் அந்தக் காற்றில் எத்தனை மின்னூட்டம் உண்டாகிறது என்பதை மீட்டர் காட்டும். அதிலிருந்து கருவி இன்று சரியான அளவு கொடுக்கிறதா என்று தெரிந்துவிடும். 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் தெரியாமல் யாரையும் மேசையில் படுக்க வைக்க மாட்டோம்.

ஒரு டிசம்பரில், வங்கக்கடலில் புயல் நின்றிருந்த காலையில், 100 வர வேண்டிய இடத்தில் 96.3 வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி, "மெஷின் அவுட்புட் இறங்கிடுச்சு மேடம், ஏத்திடலாமா?" என்றார். வெளியே நோயாளிகள் குடையை மடக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். சுவரில் இருந்த பாரோமீட்டரைப் பார்த்தேன். 998 மில்லிபார். வழக்கமாக அந்த மாதத்தில் 1012 வாக்கில் இருக்கும். இரவெல்லாம் கரண்ட் இல்லாமல் ஏ.சி. ஓடவில்லை, 22 டிகிரியில் இருக்கும் அறை 29க்கு ஏறியிருந்தது. அழுத்தம் குறைந்தால், வெளிக்காற்று போய்வரும் அந்த அயனி அறைக்குள் இருக்கும் காற்று குறையும். சூடு ஏறினாலும் குறையும். காற்று குறைந்தால் ரீடிங்கும் குறையும். இரண்டுக்கும் திருத்தம் போட்டதும் 100 வந்துவிட்டது. கருவியில் ஒரு குறையும் இல்லை. அதைத் தொட்டு ஏற்றியிருந்தால் அன்றைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கும்.

இதில் பெரிய இயற்பியல் எதுவும் இல்லை. பாயில் விதி, சார்லஸ் விதி, பிளஸ் ஒன்னில் படித்ததுதான். ஆனால் "96 வருதே, 100னு எழுதிடலாம்" என்று ஒருவர் இருந்தாலும் ஆபத்து, கேள்வி கேட்காமல் கருவியைத் திருகுகிறவர் இருந்தாலும் ஆபத்து. வந்த எண்ணை வந்தபடி எழுதிவிட்டு, ஏன் என்று கேட்கிறவர்தான் அந்த அறைக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தை லேபில் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு அது வேலையில் தானாக வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து மற்றவர்கள் செய்வதைச் செய்யாதீர்கள்.

உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். லேபில் நீங்கள் பிடிக்கும் ஸ்க்ரூ கேஜும் அவர் பட்டறையில் பிடிக்கும் மைக்ரோமீட்டரும் ஒன்றுதான். இரண்டுக்கும் மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். வரைபடத்தில் 25.00 என்று இருப்பதால் அவர் 25.00 என்று எழுதி அனுப்ப முடியாது. அளவு தப்பினால் ஜாப் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். அளப்பது எப்படி என்று உங்கள் வீட்டிலேயே சொல்லித்தர ஆள் இருக்கிறார்.

சரி, வேலைகள். மெடிக்கல் பிசிசிஸ்ட் ஆக பி.எஸ்சி.யில் இயற்பியல் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. அதற்கு மேல் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கலாம், கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, கதிரியக்க இயற்பியலில் டிப்ளமோ செய்யலாம். அப்புறம் ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி.

விமான நிலையங்களில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். இது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதே இல்லை. வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் வேலைக்கும் அப்படித்தான். நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து புயலைப் பார்ப்பவர்களில் நீங்களும் ஒருவராகலாம். பாய்லர், பைப் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக்கிலும் எக்ஸ்ரேயிலும் பார்க்கும் என்.டி.டி. வேலை உங்கள் அம்பத்தூரைச் சுற்றியே உண்டு, அதற்குத் தனிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எம்.எஸ்சி. முடித்தால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், காப்புரிமை அலுவலகம் போன்ற இடங்களின் தேர்வுகளையும் எழுதலாம். டீச்சர் வேலையை உறவினர்கள் ஏன் குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. "அப்ப அதை எழுதும்மா" என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் நான் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

ஆராய்ச்சியில் ஆசை இருந்தால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் தருகிறார்கள். அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால உதவித்தொகைக்கு நீங்கள் இப்போதே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருந்து பார்த்தால், இது உங்களுக்கானதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இயற்பியல் உங்களை எங்கே கொண்டு போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறையைத் தொடங்கத்தான் வந்தார். தோல், தசைநார்களில் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாரை வாங்கி, எக்ஸ்ரே படம் எடுத்து, உடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அது மூன்று இழை முறுக்கு என்று கண்டுபிடித்தார். எல்லாம் நம் கிண்டியில் நடந்தது. புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும், இன்றைக்கு உயிரியல் மாணவர்கள் ராமச்சந்திரன் வரைபடம் என்று படிப்பதும் இவர் குழு 1963இல் போட்டதுதான்.

கடினமானதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நல்ல சம்பளத்துக்குப் போகும் வழிகள் குறைவு. உங்கள் தோழிகள் உங்களுக்கு முன்னால் சம்பாதிக்கத் தொடங்குவார்கள், தீபாவளிக்கு வீட்டில் அந்தப் பேச்சு வரும், வலிக்கும். எம்.எஸ்சி., அதற்கு மேல் பிஎச்.டி. என்றால் இன்னும் ஏழெட்டு வருடம். வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்ற நிலை இருந்தால் சித்தப்பா சொல்வதைத் தள்ளாதீர்கள், அவர் அக்கறையில்தான் சொல்கிறார். இரண்டு வருடம் தாங்கும் என்றால் எம்.எஸ்சி. வரை போங்கள். இதை அப்பாவோடு உட்கார்ந்து, ரூபாய்க் கணக்கோடு பேசுங்கள். எதுவாக இருந்தாலும் பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், நான் சொன்ன எல்லா வேலைகளிலும் உதவும்.

நீங்கள் எடுத்தது தப்பில்லை. இன்னும் எடுத்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். லேப் அசிஸ்டென்டிடம் கேட்டு நியூட்டன் வளையத்தை ஒரு மதியம் மறுபடி செய்யுங்கள். மைக்ரோஸ்கோப்பின் திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள், திரும்ப வந்தால் திருகின் தளர்ச்சியால் வரும் பேக்லாஷ் பிழை சேர்ந்துவிடும். லென்ஸைத் துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, துடைத்த பிறகு ஒரு தடவை. இரண்டு தடவையும் நடுவில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.